காலை வண்டி ஜெபம்

நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது உட்கார இடம் கிடைக்கும் என்பதற்காகத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, இவள் பக்தியில் போய்ச் சேர்ந்தவள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பெங்களூரில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் எனக்கு வேலை. தைத்து முடித்த சட்டைகள் என் மேசைக்கு வரும். காலர், கைமடிப்பு, பட்டன் துளை, உள்தையல் என்று புரட்டிப் பார்த்து, தையல் விட்டுப் போயிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே பார்க்கிற வேலை. தங்கவயலிலிருந்து போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம் ரயிலும் பஸ்ஸும். என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்த பிறகு வேலையை விடுகிற பேச்சே இல்லாமல் போயிற்று. காலையில் எழுந்து சமைத்து, அவருக்குச் சட்டை மாட்டி பட்டன் போட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாக உரிகம் ஸ்டேஷனுக்கு வந்தால் வண்டியில் நிற்கத்தான் இடம் இருக்கும். வண்டி புறப்படுகிற மாரிக்குப்பத்திலேயே ஏறுகிறவர்கள் பெண்கள் பெட்டியை நிரப்பியிருப்பார்கள். பங்காருபேட்டையில் இன்னும் நெருக்குவார்கள்.

அந்த வருஷம் குதிகாலில் எனக்கு ஆணி குத்துகிற மாதிரி வலி. ஒரு காலைத் தூக்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னாமா, தெனம் ஒத்தக் கால்ல நிக்கிற? இப்டி வந்து குந்து."

ஐம்பது வயது தாண்டிய பெண். மடியில் ஒரு முறம் அளவுக்கு அகலமான பிளாஸ்டிக் தட்டு, அதில் பாதி நறுக்கிய பீன்ஸ். எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சில் ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்தான் ஜெபக் கூட்டம் என்று எனக்குத் தெரியும். தினமும் பார்த்திருக்கிறேன். பங்காருபேட்டை தாண்டியதும் மெதுவான குரலில் இரண்டு பாட்டு, கொஞ்சம் வசனம், அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து யார் யாருக்கு என்ன கஷ்டம் என்று வாசித்து ஜெபம். எல்லாம் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும்.

"நான் உங்க ஆளு இல்லக்கா," என்றேன்.

"ஆளா? கால்தான வலிக்குது. குந்து."

உட்கார்ந்தேன். மறுநாளும் எனக்கு ஒரு டிபன் பை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் போகாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் சாமிப் படம் கிடையாது. என் அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், தொழிற்சங்கத்து ஆள். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டான கேஜில் இறங்கும்போது சிலுவை போடுகிறவர்களும் உண்டு, கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அப்பா மட்டும் கேஜின் இரும்புக் கயிற்றை நிமிர்ந்து பார்ப்பாராம். "கயித்த யாரு செக் பண்ணாங்கன்னு கேளு, அத வுட்டுட்டு மேல இன்னாத்த பாக்கற" என்பார். எனக்கு வாய்த்த புருஷனும் அதே மாதிரி. நான் சாமி இல்லை என்று சண்டை போடுகிறவளும் இல்லை. அந்தப் பக்கம் போனதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கூட்டத்தில் நான் கண்ணை மூடினால் ஜெபம் முடிகிறவரை தூங்குவேன். அந்த இருபது நிமிஷத் தூக்கம் போல ஒரு தூக்கம் எனக்கு வீட்டில்கூட வந்ததில்லை. எட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்த சூடு, தாழ்ந்த குரலில் முணுமுணுப்பு, இரண்டு பக்கமும் தோள். முடிந்ததும் அக்கா முழங்கையால் லேசாக இடிப்பார். "ஆமென்" என்று எல்லாரும் சொல்லும்போது நானும் சொல்வேன்.

அக்கா பெங்களூரில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் செய்துகொண்டிருந்தார். சாம்பியன் சுரங்கத்துப் பக்கம், தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லயத்தில் வீடு. புருஷன் இல்லை. ஒரே பெண், பெங்களூரில் கம்பெனி ஒன்றில் வேலை, ஹாஸ்டலில் தங்கி, சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகும். கூட்டத்தில் எல்லாரும் ஒரே சபையும் இல்லை. இரண்டு பேர் கத்தோலிக்கர். ஒருத்தி நெற்றி நிறையக் குங்குமம் வைத்தவள், தன் அம்மனுக்கும் கூழ் ஊற்றுவாள், இங்கேயும் கண்ணீர் விட்டு ஜெபிப்பாள். ஏன் இரண்டும் என்று கேட்டேன். "எங்க கேட்டா நடக்கும்னு யாருக்குத் தெரியும்? எனக்கு நடக்கணும்" என்றாள். அவள் மகன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அந்த நோட்டுப் புத்தகத்தை ஒரு நாள் வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக இருந்தது. மாமியார் கண் ஆபரேஷன். மகளுக்கு வரன். தம்பி குடியை விட வேண்டும். கர்ப்பப்பைக் கட்டி. டிரான்ஸ்ஃபர். நடந்து முடிந்தவற்றுக்குப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு டிக். நடக்காதவை அப்படியே கிடந்தன. யாரும் அவற்றைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? சாயங்கால வண்டியில் அக்காவிடம் சொன்னேன். "அக்கா, நல்ல சட்டய மட்டும் எழுதி வச்சிக்கினு, கெட்டுப் போனத எழுதாம வுட்டா, எங்க கம்பெனில எல்லாமே நல்ல சட்டதான். இந்த நோட்டும் அப்படித்தான கீது?"

கோபிப்பார் என்று நினைத்தேன். அக்கா பீன்ஸ் நாரை இழுத்து ஜன்னல் வழியாகப் போட்டார். "அந்த நோட்டு ஆண்டவருக்கு இல்லம்மா. அவருக்கு எதுக்கு நோட்டு? எங்களுக்குத்தான். யாருக்கு இன்னா நோவுன்னு நாங்க மறந்துடக் கூடாதுல்ல."

அது என் கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால் அதற்கு மேல் கேட்க எனக்கும் தெம்பில்லை.

வீட்டுக்காரரின் கையைப் பற்றி நான் அவர்களிடம் மூச்சு விடவில்லை. எப்படியோ அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில், "தங்கச்சி வீட்டுக்காரரோட எடது கைக்காக" என்று காதில் விழுந்ததும் விழித்துக்கொண்டேன். ஜெபம் முடிகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"யாரு எழுதச் சொன்னாங்க?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரும் சொல்லல."

"அப்றம் எதுக்கு?"

"நீ சொல்லாம வச்சிக்கினு இருந்தியே, அதுக்குத்தான்," என்றார் அக்கா.

நாலு நாள் வேறு பெட்டியில் போனேன். ஐந்தாம் நாள் கால் தாங்கவில்லை. திரும்பி வந்தேன். என் இடத்தில் டிபன் பை இருந்தது.

ஆறேழு மாதத்தில் வீட்டுக்காரர் கை கொஞ்சம் பிழைத்தது. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்தபடி ரப்பர் பந்தை வைத்து அமுக்கி அமுக்கி, ஒரு நாள் தானே மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். சந்தோஷத்தில் வண்டியில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பெண்கள் கைதட்டினார்கள். உடனே பச்சைப் பேனா வெளியே வந்தது. வீட்டில் போய் இதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "பந்த அமுக்கனது நானு. டிக் அவருக்கா? சரி போவட்டும், அவுங்களும் நமக்காகத்தான கத்தறாங்க."

அடுத்த மழைக்காலத்தில் அக்காவின் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. ஹாஸ்டலில் இருந்து போன் வந்தபோது நாங்கள் வண்டியில்தான் இருந்தோம். டெங்கு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார்கள். அக்கா நறுக்கிய காயை அப்படியே பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்து கதவருகே போய் நின்றார். இறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் நின்றபடியே வந்தார்.

அந்த நாலு நாள் அந்தப் பெண்கள் ஜெபித்த மாதிரி யாரும் எதற்கும் முயன்று நான் பார்த்ததில்லை. குங்குமக்காரி மதியம் சாப்பிடுவதை விட்டாள். ஒருத்தி வேலை இடத்திலிருந்து மணிக்கொரு தரம் எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பினாள். நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, யாரிடம் என்று தெரியாமல், அந்தப் பெண் பிழைக்கட்டும் என்று கேட்டேன். மேசையில் சட்டையைப் புரட்டும்போதும் கேட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மனிதர்கள் ஏன் சாமியிடம் போகிறார்கள் என்று இப்போது யாராவது கேட்டால், அந்த நாலு நாளைத்தான் சொல்வேன். கை இருக்கிறது, கால் இருக்கிறது, செய்வதற்கு மட்டும் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை ரத்தத் தட்டணுக்கள் ஏறியிருக்கின்றன என்று அக்காவிடமிருந்து செய்தி வந்தது. பெண் கொஞ்சம் சூப் குடித்தாளாம், "அம்மா, நீ போய்த் தூங்கு" என்றாளாம். வண்டியில் அழுகையும் சிரிப்பும். எதிர் பெஞ்சில் இருந்த கத்தோலிக்கப் பெண் நோட்டை எடுத்துப் பச்சை மையில் டிக் போட்டாள்.

சனிக்கிழமை மதியம் பெண் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு எல்லாரும் போனோம். தேவனுடைய தோட்டத்தில் அழகான பூவை அவரே பறித்துக்கொண்டார் என்று பிரசங்கம் செய்தவர் சொன்னார். அவரும் பாவம், எத்தனை வீட்டில் என்னவென்று சொல்வார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. வார்த்தை புரியாத மொழியில் பேசுகிறவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அதன் பிறகு அக்கா ஒன்றரை மாதம் வரவில்லை. கூட்டம் பெயருக்கு நடந்தது. பாட்டு ஒன்றாகக் குறைந்தது. டிக் போட்டவள் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அவசரப்பட்டு போட்டுட்டேன். அந்தப் பக்கத்த கிழிச்சிடட்டா? அவுங்க வந்து பாத்தா?"

"கிழிக்காத. கிழிச்சா கிழிச்ச எடம் தெரியும்," என்றேன்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது. பார்த்தாயா, நான் அன்றைக்கே சொன்னேனே என்கிற கோபம். ஆனால் யாரிடம் போய் அதைச் சொல்வது? நான் சொன்னதுதான் சரி என்று ஆனதில் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்த நாட்களில் நம்பியவர்களும் நம்பாதவளும் ஒரே மாதிரி வாயடைத்துப் போய்த்தான் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை நான் உரிகத்தில் ஏறியபோது அக்கா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். மடியில் காய்கறித் தட்டு இல்லை. பங்காருபேட்டை வந்தது, போயிற்று. யாரும் பாட்டு எடுக்கவில்லை.

"நோட்டு யாருகிட்ட கீது?" என்றார்.

கொடுத்தார்கள். புரட்டினார். அந்தப் பக்கத்தில் விரல் நின்றது. டிக் போட்டவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"யாரு போட்டது?"

"நான்தான்கா... வெள்ளிக்கெழம... தெரியாம..."

"வெள்ளிக்கெழம நல்லாத்தான் இருந்தா," என்றார் அக்கா. "சூப் குடிச்சா. இருக்கட்டும்."

நோட்டை மூடி என் மடியில் வைத்தார். "இன்னைக்கி நீ பண்ணும்மா."

"நானா?"

"நீதான்."

"அக்கா, எனக்குத் தெரியாதுக்கா. ஒங்களுக்கே தெரியும், நான் இங்க வந்து தூங்கறவ."

"தெரியும். மொத நாள்லருந்து தெரியும். கொறட்ட வேற வுடுவ." அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "மத்தவங்க பண்ணா எனக்கு ஆறுதல் சொல்லுவாங்க. ஆண்டவர் சித்தம்பாங்க. என்னால அதக் கேக்க முடியல. நீ சொல்ல மாட்ட."

ஏழு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. வெளியே யூகலிப்டஸ் தோப்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அதில் மறக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை.

"நாங்க எட்டுப் பேரும் வந்துட்டோம். அக்கா இன்னைக்கி வந்துட்டாங்க. அவுங்க பொண்ணு போயிடுச்சி. ஏன்னு எங்களுக்குத் தெரியல. யாரும் காரணம் சொல்ல வாணாம். வேலைக்குப் போறோம். கால் வலிக்குது. சாயங்காலம் எல்லாரும் ஒழுங்கா வீடு போய்ச் சேரணும்."

அதற்கு மேல் வரவில்லை. பிறகு அக்கா "ஆமென்" என்றார். மற்றவர்களும் சொன்னார்கள். குங்குமக்காரி விசும்பினாள். யாரும் அவளைத் தேற்றவில்லை.

அன்று சாயங்காலம் பங்காருபேட்டையில் வண்டி கிளம்ப நேரமாயிற்று. பிளாட்பாரத்தில் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு நின்றோம், நானும் அக்காவும். நான் பயந்துகொண்டேதான் கேட்டேன்.

"அக்கா, இன்னும் நம்பறீங்களா?"

"பேச்சு இல்ல," என்றார்.

"யார்கூட?"

"அவருகூட. கோயிலுக்குப் போறதில்ல. பைபிள எடுக்கறதில்ல. மொகத்துல முழிக்க வாணாம்னு இருக்கேன்."

"அப்போ நம்பிக்கை போயிடுச்சி."

"இல்லாதவங்ககூட எவளாவது பேசாம இருப்பாளா? இன்னாமா நீ. கீறாரு. கீறதாலதான் பேசல."

எனக்கு அப்போது அவர்மேல் வந்தது பொறாமைதான் என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரருக்குக் கை விழுந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்றதை நினைத்துக்கொண்டேன். எனக்கும் அத்தனை கோபம் இருந்தது. அதைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடமில்லை. டாக்டரிடம் கத்தினேன், வாட்ச்மேனிடம் கத்தினேன், கடைசியில் அவரிடமே கத்தினேன், சிகரெட்டை விடச் சொன்னேனே என்று. படுத்திருந்த மனிதர் ஒரு பக்கம் கோணிய வாயோடு என்னைப் பார்த்தார்.

அதற்காக அக்கா நம்புவது சரி என்று நான் சொல்லிவிட முடியாது. சண்டை போட ஆள் வேண்டும் என்பதற்காக ஓர் ஆள் இருந்துவிடுவாரா? சட்டையைப் பார்க்கிற கண்ணால் பார்த்தால் அந்தக் கணக்கு நிற்காது. அந்தப் பெண் ஏன் போனாள் என்பதற்கு அக்காவின் சாமியிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அக்கா பதில் வராத ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் கேட்பதையே விட்டுவிட்டேன். இதில் எது மேல் என்று ஒரு காலத்தில் எனக்குத் திட்டமாகத் தெரியும். இப்போது களைப்புத்தான் தெரிகிறது.

"அப்றம் எதுக்குக்கா என்ன ஜெபம் பண்ணச் சொன்னீங்க?" என்றேன்.

"நான்தான் பேசறதில்ல. யாராவது சொல்லி அனுப்பணும்ல, வந்துட்டேன்னு."

வண்டி ஊதியது. ஏறிக்கொண்டோம்.

அதற்கப்புறமும் சில வாரம் என்னைத்தான் பண்ணச் சொன்னார். நானும் அதேமாதிரி நாலு வரி சொல்வேன்: யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை, யாருக்கு என்ன நோவு. வேண்டுதல் என்று ஒன்றும் இருக்காது. பிறகு மற்றவர்கள் முறை வைத்துக்கொண்டு செய்ய ஆரம்பித்தார்கள், நான் பழையபடி தூங்கினேன். குங்குமக்காரியின் மகன் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்குப் போனான், மூன்று மாதத்தில் நின்றுவிட்டான், மறுபடி போனான். அதற்கு டிக் போடுவதா வேண்டாமா என்று ஒரு காலை முழுக்க விவாதம் நடந்தது. முடிவாகவில்லை. வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார்.

"இன்னா, நீயும் அங்க ஜெபம் பண்றியாமே? சேந்துட்டியா?"

"இல்ல."

"அப்றம்?"

"கேட்டாங்க, பண்ணேன். நீங்க பந்த அமுக்குங்க."

அவர் அமுக்கினார். பட்டன் மூன்று வரை வந்திருக்கிறது. கடைசி இரண்டை நான்தான் போடுகிறேன்.

பெண் போய் ஒரு வருஷம் ஆனபோது, ஞாயிற்றுக்கிழமை மதியம் கல்லறைக்குக் கூட வருகிறாயா என்று அக்கா கேட்டார். ராபர்ட்சன்பேட்டையில் பூ வாங்கிக்கொண்டு ஆட்டோவில் போனோம். காற்று பலமாக இருந்தது. தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து பறந்து வந்த சாம்பல் நிறப் புழுதி சிலுவை மேலும் சிமெண்ட் மேடை மேலும் படிந்திருந்தது. அக்கா கொண்டுவந்த தண்ணீரை ஊற்றித் துடைத்தார். நான் காய்ந்த பூவையும் மெழுகையும் பொறுக்கினேன். அரை மணி நேரம் இரண்டு பேரும் வேலை செய்தோம். துடைக்கத் துடைக்கப் புழுதி வந்துகொண்டே இருந்தது.

பூவை வைத்துவிட்டு அக்கா சும்மா நின்றார். நானும் நின்றேன்.

"ஜெபம் பண்ணலியாக்கா? வேணும்னா நான் தள்ளி நிக்கறேன்."

"நேத்தே பண்ணிட்டேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். "பேச்சு வந்துடுச்சா?"

"வந்துச்சி. வீட்டுல துணி மடிச்சிக்கினு இருந்தேன். அதுவோட சுடிதார் ஒண்ணு அடியில இருந்து வந்துச்சி. அப்டியே குந்திட்டேன். திட்டிட்டேன், வாய்க்கு வந்ததெல்லாம்."

"அப்றம்?"

"அப்றம் இன்னா. மிச்சத் துணிய மடிச்சேன்."

கேட்டருகே தண்ணீர்க் குழாய் இருந்தது. இரண்டு பேரும் கையைக் கழுவிக்கொண்டோம். பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு, நிழல் இல்லாத அந்த ரோட்டோரத்தில் நின்றோம்.